கேஸ் ஷீட்டில் இரண்டு பிள்ளைகள்

ஜனவரி 7, செவ்வாய்

காய்ச்சல் உண்டா, எந்த விரல் வீங்கியிருக்கிறது, எவ்வளவு நேரம் வெயிலில் நின்றேன், முடி எவ்வளவு கொட்டியது. இதையெல்லாம் எழுதி வை என்று மூட்டு டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய்விட்டார். இன்று கோபமாகவே சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

காய்ச்சல் இல்லை. வலது கையில் இரண்டு விரல் வீக்கம். கன்னத்துச் சிவப்பு அப்படியே இருக்கிறது. வெயில்: பஸ் ஸ்டாண்டில் நின்றது மட்டும்.

இன்னொரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். லூபஸ் உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் கோளாறு வருவது மற்றவர்களைவிட அதிகமாம். என் உடம்பு என்னையே அடிக்கிறது. அதை அடக்கத்தான் மாத்திரை. அடங்கிய உடம்பு, ஆணோடு சேர்ந்தால் தொற்றி உள்ளே ஒளிந்திருக்கும் கிருமியையும் விட்டுவைக்கும். எனக்கு அந்த டெஸ்ட் தேவைப்படாது என்றேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சீட்டை என் பக்கம் தள்ளினார்.

பெண்கள் பிரிவில் மேசைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் சீட்டைப் படிக்கவே இல்லை.

"கல்யாணம் ஆச்சா?"

"இல்ல."

"அப்புறம் இங்க எதுக்கு வந்த?"

"மூட்டு டாக்டர் அனுப்பினாரு."

"அவரு அனுப்புவாரு. கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு நாங்க உள்ள பாக்க மாட்டோம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க தலையிலதான் விடியும். ஆன பிறகு வா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் ஒரு டாக்டர் இதே சீட்டை எழுதினார். இதே மேசையில் இதே பதில். அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 8

விரல் வீக்கம் குறையவில்லை. ஆனாலும் ஷூ கம்பெனியில் இன்றைய டார்கெட்டை முடித்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

தண்ணீர் லாரி வரவில்லை. கைப்பம்பில் அடித்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே தம்பிக்கு வந்த ஜாதகத்தைப் பற்றிப் பேசினாள். திருப்பத்தூர் பக்கம். பெண் நர்சிங் படித்திருக்கிறாளாம்.

"அக்காவுக்கு ஏன் ஆவலைன்னு கேட்டாங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன். வேற ஒண்ணும் இல்லியேன்னாங்க. இல்லன்னேன்."

"வேற என்ன இருக்குது?" என்றேன்.

அம்மா பீடி இலையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 28, செவ்வாய்

மாதவிலக்கு முடிந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. இன்று பாவாடையில் இரத்தக் கறை. போன மாதமும் இப்படிப் பட்டது. அதை எழுதவில்லை, ஏனென்றால் டாக்டர் சொன்ன பட்டியலில் அது இல்லை.

கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் ஷூவுக்கு மேல்தோல் தைப்பவள் லூர்து அக்கா. ஐம்பதை நெருங்குகிறாள். கணவன் ஓடிப்போய்ப் பல வருஷம் ஆனாலும் தாலியைக் கழற்றாதவள். பாத்ரூமில் அவளிடம் சொன்னேன். சீட்டையும் காட்டினேன், மேசையில் நடந்ததையும் சொன்னேன்.

"பக்கத்து ஊர்ல கேம்ப் போடறாங்கடி. கேன்சர் பாக்கறதுக்கு. எங்க சர்ச்சுல நோட்டீஸ் குடுத்தாங்க. அங்க உன்ன யாருக்குத் தெரியும்? ஒரு மஞ்சக் கயித்த வாங்கிக் கட்டிக்கினு போ."

"கேட்டா?"

"கயித்த இழுத்துப் பாத்துட்டா டெஸ்ட் எடுக்கப் போறாங்க? என் புருசன் ஓடிப்போயி இத்தினி வருசமாவுது. இத வச்சித்தானே எனக்கு வீடு வாடகைக்குக் குடுக்கறான், ரேஷன்ல பதில் சொல்றான். ஆம்பளைய விட கயிறு உபயோகமா இருக்குது."

சிரித்தேன். பிறகு அவளே தன் கால் மெட்டியைக் கழற்றினாள். வராமல் அடம்பிடித்தது. சோப்புப் போட்டு எடுத்தோம்.

பிப்ரவரி 15, சனி

முகாம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். பரிசோதனை செய்த அறையின் கதவில் 'மணமகள் அறை' என்று எழுதியிருந்தது. உள்ளே முகப்பூச்சு மேசை, பெரிய கண்ணாடி. அதன் முன்னால் இரும்புக் கட்டில். யாரும் இதில் வேடிக்கை எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

வாசலில் பெயர் எழுதிக்கொண்டவள் பேனாவைத் தூக்கவே இல்லை.

"வீட்டுக்காரர் பேரு?"

"தயாளன்."

எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இதுதான் வந்தது.

"எத்தினி பசங்க?"

முப்பத்தொரு வயது, கழுத்தில் கயிறு, குழந்தை இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும். மலடி என்று ஒரு பார்வை வரும். எனக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை.

"ரெண்டு. ஒரு பொண்ணு, ஒரு பையன்."

"நார்மலா?"

"நார்மல்."

வினிகர் போல ஒன்றைத் தடவினார்கள். எரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா இன்னொரு தடவையும் பார்த்தாள். வெள்ளைத் திட்டு இருக்கிறது, ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போ என்றாள். கையில் ஒரு சீட்டும் வாழைப்பழமும் கொடுத்தார்கள்.

கயிற்றைப் பஸ்ஸிலேயே கழற்றிப் பையில் போட்டேன். மெட்டி மட்டும் கழறவில்லை. விரல் வீங்கியிருந்தது. மெட்டியை மறைக்க, முன்பக்கம் மூடிய செருப்போடு வீட்டுக்குள் நடந்ததற்கு அம்மா திட்டினாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

அதே ஆஸ்பத்திரி. அதே மேசை, அதே நர்ஸ். கழுத்தில் நான் திரும்பக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். "உள்ள போம்மா" என்றாள். என் முகம் அவளுக்கு ஞாபகமில்லை.

உள்ளே டாக்டர் நிவேதா. என் வயதுதான் இருக்கும். பெரிய லென்ஸ் வைத்துப் பார்த்து, கிள்ளுவது போல ஒரு துண்டு சதை எடுத்தாள். கால்களைச் சேர்த்துக்கொண்டேன். என்னை அதட்டவில்லை. அதற்கே அழுகை வந்தது.

"ரெண்டும் நார்மல் டெலிவரியா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டாள். "ரெண்டும்?"

"ஆமாம் டாக்டர்."

அவள் எதையோ கண்டுகொண்டாள் என்று தோன்றியது. கண்டுகொண்டதைக் கேட்காமல் விட்டாள். வெளியே நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "லூபஸ் இருக்கறவங்க வருஷா வருஷம் இந்த டெஸ்ட் பண்ணியிருக்கணும். ஏன் இவ்ளோ நாள் வரல? உங்களுக்கெல்லாம் உடம்பு மேல அக்கறையே இல்ல."

வந்தேன், உங்கள் மேசைதான் திருப்பி அனுப்பியது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் கயிற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு கிழவி மெட்டியைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். இரண்டு என்றேன். பேர் என்ன? சஹானா, நித்தின். சஹானா மூன்றாவது படிக்கிறாள். நித்தின் இன்னும் யூ.கே.ஜி. நித்தினுக்கு மாத்திரை விழுங்கத் தெரியாது, நசுக்கித் தேனில் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

ரிசல்ட்.

புற்று இல்லை. புற்றுக்கு முந்தைய மூன்று படியில் மூன்றாவது படி. டாக்டர் நிவேதா பேப்பரில் படம் போட்டு விளக்கினாள். பேரிக்காயைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு படம்.

"மத்தவங்களுக்குன்னா சூடான கம்பியால இந்த ஓரத்த மட்டும் சீவி எடுப்போம். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். உங்க விஷயம் வேற. லூபஸ் மாத்திரைய நிறுத்த முடியாது. திரும்ப வரும். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வாங்கன்னா நீங்க வர மாட்டீங்க. யாரும் வர்றதில்ல. ரெண்டு பசங்க இருக்காங்க, குடும்பம் முடிஞ்சிருச்சு. கர்ப்பப்பைய எடுத்துடறதுதான் நல்லது."

"எனக்கு முப்பத்தொண்ணுதான் டாக்டர்."

"அதான் ரெண்டு இருக்கே."

அவள் கெட்டவள் இல்லை. எனக்கு நல்லதுதான் நினைக்கிறாள். இல்லாத இரண்டு பிள்ளைகளை நம்பி நினைக்கிறாள். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தவள் நான். எனக்கு அந்தப் பொய்யைக் கற்றுக்கொடுத்தது அவள் வாசலில் இருக்கும் மேசை.

வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 12

அம்மாவிடம் சொன்னேன். முழுசாக. கயிறு, மண்டபம், பிள்ளைகள், ரிசல்ட்.

முதலில் அவள் கேட்டது: "யாருக்கெல்லாம் தெரியும்?"

யாரால் வந்தது என்று கேட்கவில்லை. கேட்க மாட்டாள். தயாளன் அவளுடைய சொந்த அண்ணன் மகன். எனக்கும் அவருக்கும் நிச்சயம் நடந்து இரண்டு வருஷம் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. மாமா வீட்டில் மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு வருஷமும் அவர் இந்த வீட்டு மாப்பிள்ளைதான். திருவண்ணாமலை கிரிவலத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் தனியாக அனுப்பியபோது அம்மாதான் புதுப் புடவை எடுத்துக் கொடுத்தாள். காலையில் பஸ் ஏறும்போது, "அவரு மனசு கோணாம நடந்துக்க" என்றாள். கோணாமல்தான் நடந்துகொண்டேன். பிறகு எனக்குக் காய்ச்சலும் கன்னத்தில் சிவப்பும் வந்து, சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரத்தில், நோய்க்காரிக்குப் பிள்ளை தங்காது என்று மாமா வீட்டிலிருந்து ஆள் வந்தது. இப்போது தயாளனுக்கு மனைவி இருக்கிறாள், ஒரு குழந்தை இருக்கிறது, செல்போன் கடை இருக்கிறது.

"எடுத்துடட்டும்" என்றாள் அம்மா.

"குழந்தை இல்லன்னு சொன்னா சின்ன ஆபரேஷன்தாம்மா. எடுக்கத் தேவையில்ல."

"அத சொன்னா கல்யாணம் ஆவலைன்னும் சொல்லணும். கல்யாணம் ஆவலைன்னா இது எப்படி வந்துச்சுன்னு கேப்பான். திருப்பத்தூர்க்காரங்க அடுத்த மாசம் வர்றாங்க. பொண்ணு நர்சு. அவளுக்குத் தெரியாதா?"

"என் வயித்துல இருக்கறதும்மா."

"இருந்து? இந்த நோவ வச்சிக்கினு நீ பெத்துக்கப் போறியா? யாரு கட்டிக்கப் போறான் உன்ன? எவனோ ஒருத்தன் பொண்டாட்டியா போயி எடுத்துக்கினு வந்துடு. நம்ம பேரு அப்படியே இருக்கும்."

அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் தாங்கவில்லை. எனக்குக் குழந்தை வேண்டுமா என்று எனக்கே தெரியாது. யாராவது ஒரு முறை என்னைக் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

சந்தையில் உப்புக்கண்டம், முருங்கைக்காய், சோப்பு. லூர்து அக்கா மகனுக்கு ஒரு பென்சில் பாக்ஸ் வாங்கினேன், யானைப் படம் போட்டது. அவன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

அட்மிட் ஆகிவிட்டேன். அம்மா கூட இருக்கிறாள். என்னுடைய மாமியார் என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். எவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கு.

பக்கத்துக் கட்டிலில் கோமளா அக்கா. ஆறு பிரசவம், கர்ப்பப்பை இறங்கிவிட்டதாம். வார்டு முழுக்க அவள் குரல்தான்.

"பசங்கள யாரு பாத்துக்கறா?"

"என் தங்கச்சி."

"பாக்க கூட்டிக்கினு வரலியா?"

"ஆஸ்பத்திரி வேணாம்னு விட்டுட்டேன்."

"நல்லது செஞ்ச. எம் பேரன் போன மாசம் இங்க வந்து அந்த ஃபினாயில குடிக்கப் போனான். உன் பையன் வாலா?"

"வால்தான்."

அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

மார்ச் 26, புதன்

வியாழக்கிழமை பட்டியலில் என் பேர் இருக்கிறது. வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று நேற்றெல்லாம் நர்ஸ் கத்திக்கொண்டிருந்தாள். அவர் வெளியூரில் இருக்கிறார் என்றேன். கையெழுத்து வராது, ஆபரேஷன் தானாகத் தள்ளிப்போகும், அதற்குள் ஏதாவது செய்யலாம் என்று நினைத்திருந்தேன்.

இன்று மத்தியானம் நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். "உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு. கையெழுத்தும் போட்டாச்சு. இத முன்னாடியே செஞ்சா என்னவாம்?"

வராந்தாவில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தயாளன் நின்றிருந்தார். கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது. அம்மா போன் செய்து வரவழைத்திருக்கிறாள்.

"அத்தை அழுதுச்சு. அதான் வந்தேன்" என்றார்.

"என்னன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"அங்க என்ன இருந்துச்சோ அதுல போட்டேன்."

"கணவன்னு இருந்துச்சா?"

அவர் வராந்தாவின் இரு பக்கமும் பார்த்தார். "மெதுவா பேசு. நீதானே என் பேரக் குடுத்த? நான் வராம இருந்திருக்கலாம். உன் மேல இருக்கற மரியாதையிலதான் வந்தேன். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"உங்க வீட்ல அவங்கள ஒரு தரம் டெஸ்டுக்குக் கூட்டிக்கினு போங்க."

"அவளுக்கு எதுக்கு?" முகம் மாறிவிட்டது. "இத வெளிய எங்கியாவது பேசினன்னு வச்சிக்க, நல்லா இருக்காது. இந்தக் கிருமி எங்க புடிச்சியோ, யாருக்குத் தெரியும்?"

கிளம்பிப் போய்விட்டார். கீழே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

என்னோடு ஒரு நாள்கூட வாழாதவர். எனக்குப் பிள்ளை தங்காது என்று சொல்லி விலகிப் போனவர். என் கர்ப்பப்பையை எடுக்கலாம் என்று கணவனாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்து செல்லுபடியாகிறது. என் வாயிலிருந்து வரும் எதுவும் செல்லுபடியாகவில்லை.

மார்ச் 27, வியாழன்

காலையில் பச்சை அங்கி மாட்டி, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டாக்டர் நிவேதா முகமூடியோடு வந்தபோது எழுந்து உட்கார்ந்தேன்.

"டாக்டர், எனக்குக் கல்யாணம் ஆகல. குழந்தை கிடையாது. நேத்து வந்தவரு என் வீட்டுக்காரர் இல்ல."

அவள் முகமூடியைக் கீழே இறக்கினாள். 

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு" என்றாள்.

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னேன் டாக்டர். ஜனவரியில உங்க மேசையில சொன்னேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் சொன்னேன். கல்யாணம் ஆன பிறகு வான்னாங்க. கயிறு கட்டின பிறகுதான் உள்ள விட்டாங்க."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "நீங்க மேஜர். சட்டப்படி உங்க கையெழுத்து மட்டும் போதும்."

"அப்ப அவர் கையெழுத்த எதுக்கு வாங்கினீங்க?"

அவள் முகமூடியைத் திரும்ப மேலே ஏற்றினாள். உள்ளே பெரிய டாக்டரிடம் போனாள். கதவு சாத்தியிருந்தும் அந்த ஆளின் குரல் கேட்டது. ஆள்மாறாட்டம், போலீஸ், கேஸ். பிறகு நர்ஸ் ஸ்ட்ரெச்சரை வார்டு வழியாகத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். "கல்யாணமே ஆகலையாம். ரெண்டு புள்ளைன்னு கதை. எவனையோ கூட்டியாந்து புருசன்னு கையெழுத்து."

கோமளா அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் பையைத் தூக்கிக் கட்டிலின் அந்தப் பக்கம் வைத்தாள். நான் எதையும் திருடிவிடுவேன் என்பது போல.

அம்மா போய்விட்டிருந்தாள். என் துணிப்பையையும் எடுத்துப் போயிருந்தாள்.

மார்ச் 28

டிஸ்சார்ஜ். போலீஸ் என்றது பேச்சோடு நின்றுவிட்டது. புதிதாகச் சீட்டு போட்டு, 'திருமணமாகாதவர்' என்று எழுதி, சின்ன ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொள்ள டாக்டர் நிவேதா சொன்னாள். ஏப்ரல் கடைசி. அவள் குரலில் மன்னிப்பு இருந்தது. அவள் அதை வாயால் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

எங்கள் தெருவில் ஒரு பெண் ஆஸ்பத்திரியில் பெருக்குகிறாள். அது போதுமாக இருந்தது. திருப்பத்தூர்க்காரர்கள் வரவில்லை. தம்பி சென்னையிலிருந்து போன் செய்து அம்மாவிடம் மட்டும் பேசினான்.

கம்பெனியில் சூப்பர்வைசர் என்னை லைனிலிருந்து எடுத்துவிட்டான். "லீவு அதிகம் எடுக்கறவங்களுக்கு மிஷின் கிடையாது. லோடிங்குக்குப் போ." லோடிங் என்றால் கூரை இல்லாத முற்றம், பெட்டி, லாரி. வெயில் எனக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிய கடிதத்தைக் காட்டினேன். "உனக்கு என்னென்ன ஆவும்னு ஊருக்கே தெரியுது" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லூர்து அக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"சிரிக்கறவன் எல்லாம் உங்க வீட்டுப் பொம்பளைங்கள டெஸ்டுக்குக் கூட்டிக்கினு போயிட்டு வந்து சிரிங்கடா."

அவளுக்கும் அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.

வெயில்: நாள் முழுக்க.

ஏப்ரல் 11

காய்ச்சல். எல்லா விரலும். பேனா பிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூட்டு டாக்டர் வார்டில் படுத்திருக்கிறேன். முகம் வீங்கிவிட்டது, சிறுநீரில் உப்பு இறங்குகிறது. ஸ்டீராய்டை மூன்று மடங்காக ஏற்றியிருக்கிறார்கள். இந்த நிலையில் எந்த ஆபரேஷனும் கூடாதாம். ஸ்டீராய்டு ஏற்றினால் கீழே இருப்பது வளரும். குறைத்தால் சிறுநீரகம் போகும். டாக்டர் இதைச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். நல்ல மனிதர். அவரால் சீட்டுதான் எழுத முடியும்.

மே

எழுத ஒன்றும் இல்லை. வேலை போய்விட்டது. அம்மா சோறு போட்டு வைக்கிறாள். பேசுவதில்லை. நானும் முறத்தை வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தேன். விரல் மடங்கவில்லை. நான் சுற்றியதை அம்மா பிரித்துத் திரும்பச் சுற்றினாள்.

ஜூன் 17, செவ்வாய்

சிறுநீரகம் கொஞ்சம் தேறியதும் சின்ன ஆபரேஷன் முடிந்தது. ஊசி போட்டு மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். கருகிய வாடை வந்தது. அது என்னுடைய வாடை என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

என் கையெழுத்தை நானே போட்டேன். லூர்து அக்கா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். உறவு என்ன என்று நர்ஸ் கேட்டாள். "பக்கத்து மிஷின்" என்றாள் அக்கா.

ஜூலை 8, செவ்வாய்

எடுத்த துண்டின் ஓரத்திலும் இருக்கிறது. ஓரிடத்தில் ஆழமாக இறங்கியிருக்கிறது. இப்போது அதற்குப் புற்று என்றுதான் பேர். ஆரம்பம்தான், கர்ப்பப்பையை முழுசாக எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்றாள் டாக்டர் நிவேதா.

"இப்ப எடுத்துத்தான் ஆகணும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "மார்ச்லேயே எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அம்மா நிறுத்தவில்லை. வீட்டில் நுழைந்ததும் சொன்னாள், அன்றே எடுத்திருந்தால் உயிருக்கும் பயமில்லை, பேரும் இருந்திருக்கும் என்று. மூன்று மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். தெருவும் அதைத்தான் சொல்லும். உண்மையைச் சொன்னதால் கெட்டுப்போனவள் என்று என்னை வைத்துப் பெண்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவள் சீட்டைப் படித்திருந்தால் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. சரி, நானே எழுதி வைக்கிறேன். படித்திருந்தால், ஓரத்தை மட்டும் சீவி எடுத்துவிட்டு அன்றே பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருப்பேன்.

ஜூலை 21, திங்கள்

அட்மிஷனுக்காக இன்று காலையில் பெண்கள் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லூர்து அக்கா டீ வாங்கப் போயிருந்தாள்.

மேசைக்கு முன்னால் ஒரு பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். காலேஜ் பை. மூக்கின் இரு பக்கமும் கன்னத்தில் அதே சிவப்பு, வெயிலுக்குத் தலையில் துப்பட்டா. கையில் மூட்டு டாக்டரின் சீட்டு. அந்தக் கையெழுத்து எனக்குத் தூரத்திலேயே தெரியும்.

நர்ஸ் சொன்னது காதில் விழவில்லை. விழவேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்து, சீட்டை நாலாக மடித்துக்கொண்டு திரும்பினாள். வாசலைத் தாண்டிவிட்டாள்.

எழுந்தேன். முழங்கால் மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய் மருந்துக் கவுன்டர் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். பயந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், என் கன்னத்தைப் பார்த்தாள், நின்றாள்.

"அந்த டெஸ்ட எடுக்காம போகாத" என்றேன். "யார் உள்ள விடலன்னாலும் எடுத்துடு."

"கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்தான்னு சொல்றாங்கக்கா." குரலை இறக்கினாள். "நான் என்னன்னு சொல்லட்டும்?"

டாக்டர் நிவேதாவின் அறையைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. அவள் காலையிலிருந்து தியேட்டரில் வேறு யாரையோ அறுத்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சுன்னு சொல்லு" என்றேன். "வெளியில கோயில் கடையில கயிறு கிடைக்கும். ஆனா எத்தனை குழந்தைன்னு கேட்டா மட்டும், இல்லன்னு சொல்லிடு. எப்படிப் பாத்தாலும் பரவாயில்ல. என்ன திட்டினாலும் பரவாயில்ல. ஒரு குழந்தைகூட இல்லன்னு சொல்லு."

அவள் தலையாட்டினாள். கடை எந்தப் பக்கம் என்று கேட்டாள். கை காட்டினேன்.